கோதிக் கண்ட்ரி இசையில் யாரையெல்லாம் கேட்க வேண்டும்?

கேள்வி இது: "ட்ரூ டிடெக்டிவ் தொடரின் முதல் சீசன் தொடக்கப் பாட்டு மனதை விட்டுப் போகவில்லை. அந்த மாதிரிப் பாட்டுகளைத் தேடினால் ‘கோதிக் கண்ட்ரி’ என்று வருகிறது. இதில் செல்வாக்குள்ள கலைஞர்கள் யார்? யாரிடமிருந்து யார் கற்றுக்கொண்டார்கள்?"

கண்ட்ரி என்பது அமெரிக்கக் கிராமப்புறங்களிலிருந்து வந்த இசை; சாவு, பாவம், கொலை என்று அதன் இருண்ட பக்கத்தைப் பாடுவதுதான் கோதிக் கண்ட்ரி. ஒரே ஒரு பெயர்தான் சொல்லலாம் என்றால் 16 ஹார்ஸ்பவர் குழுவின் பாடகர் டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ் என்பேன். இரண்டு சொல்லலாம் என்றால், நீங்கள் கேட்ட அந்தப் பாட்டைப் போட்ட ஹேண்ட்ஸம் ஃபேமிலியையும் சேர்த்துக்கொள்வேன். மற்றவர்கள் எல்லாம் இந்த இருவருக்கு முன்னால் வந்தவர்கள், இவர்களோடு ஓடியவர்கள், இவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் என்று பிரித்துவிடலாம். ஆனால் பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் இந்த இசை பிடிபடாது. கறுப்புத் தொப்பி, மண்டையோடு, சவப்பெட்டிப் படம் போட்ட ஆல்பம் அட்டை என்று அலங்காரமே கண்ணில் நிற்கும். கண்ட்ரி இசையின் மேல் யாரோ இருட்டைப் பூசிவிட்டார்கள் என்று தோன்றும். நடந்தது நேர் எதிர். இருட்டு அங்கே முதலிலிருந்தே இருந்தது. கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்தில் இசைத் தொழில் வளர வளர அதை ஓரம்கட்டியது. பங்க் என்ற வேகமான, முரட்டு ராக் இசையைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அதை மறுபடி தோண்டி எடுத்தது. நான் ஒரு கலைஞரை இந்த வகையில் முக்கியமானவர் என்று சொல்வது, அவர் எவ்வளவு ஆழத்துக்குத் தோண்டினார் என்பதை வைத்துத்தான்.

நீங்கள் வந்த வழியிலிருந்தே தொடங்குவோம். அந்தப் பாட்டின் பெயர் ‘ஃபார் ஃப்ரம் எனி ரோடு’. தொடர் வந்தது 2014-இல். பாட்டு வந்ததோ 2003-இல், ‘சிங்கிங் போன்ஸ்’ ஆல்பத்தில். தொடருக்கு இசைத் தேர்வு செய்த டி போன் பர்னெட் அதை எடுத்து வைத்தபோது பாட்டுக்குப் பதினோரு வயது. ஹேண்ட்ஸம் ஃபேமிலி என்பது பிரெட் ஸ்பார்க்ஸ், ரெனி ஸ்பார்க்ஸ் என்ற கணவன் மனைவி. பிரெட் டெக்ஸாஸ்காரர், ரெனி நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் வளர்ந்தவர். 1990-களின் தொடக்கத்தில் சிகாகோவில் குழுவைத் தொடங்கினார்கள். பிறகு நியூ மெக்ஸிகோவின் ஆல்புகர்க்கி நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். வார்த்தைகள் முழுக்க ரெனியுடையவை. மெட்டும் அந்தக் கனத்த குரலும் பிரெட்டுடையவை.

அந்தப் பாட்டில் என்னதான் நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். பாலைவனத்தில் நிலா வெளிச்சத்தில் ஒரு கள்ளிச்செடி பூப்பதைப் பார்க்க ஒருவன் நடந்து போகிறான். அதைத் தொடுகிறான், விரலில் ரத்தம் வருகிறது. பேய் இல்லை, கொலை இல்லை. இருந்தும் கேட்பவருக்கு முதுகில் சில்லென்று ஏறுகிறது. காரணம், அந்தச் செடியை ரெனி ‘அவள்’ என்று எழுதியிருப்பது. பிரெட்டின் தாழ்ந்த குரலுக்கு மேல் ரெனியின் குரல் வந்து சேரும்போது, அந்தச் செடியே பதில் பேசுவது போல இருக்கிறது. நடுவில் மெக்ஸிகோ பக்கத்துச் சாயலில் ஒரு ட்ரம்பெட். இவ்வளவுதான் மொத்தப் பாட்டும்.

ரெனியின் எழுத்து முறையே இதுதான்: ஒரு சாதாரணக் காட்சியில் ஆரம்பிப்பார், கேட்பவர் கவனிக்காத ஒரு நொடியில் தரை காலடியிலிருந்து நழுவும். 1998-இல் வந்த ‘த்ரூ தி ட்ரீஸ்’ ஆல்பத்தின் முதல் பாட்டு ‘வெயிட்லெஸ் அகெய்ன்’. ஒரு தம்பதி காரில் போகிறார்கள், செம்மரக் காட்டுப் பக்கம் காபி குடிக்க நிறுத்துகிறார்கள். பேச்சு சுரத்தில்லாமல் ஓடுகிறது. அடுத்து அந்தப் பாட்டு, மனிதர்கள் ஏன் மாத்திரைகளை விழுங்குகிறார்கள், ஏன் கோல்டன் கேட் பாலத்திலிருந்து குதிக்கிறார்கள் என்பதற்குப் போய் நிற்கிறது. பாரமே இல்லாமல் ஒரு நொடி இருக்க வேண்டும் என்ற ஏக்கம்தான் காரணம் என்கிறது. இவ்வளவையும் பிரெட் குரலை ஏற்றாமல் இறக்காமல், பழைய காதல் பாட்டு பாடுவதைப் போலப் பாடுகிறார். அழுது பாடியிருந்தால் இதில் பாதி பலம்கூட இருந்திருக்காது.

இவர்களுடைய செல்வாக்குக்கு என்ன சாட்சி? இவர்களிடம் வயலின் வாசித்த ஆண்ட்ரூ பேர்ட் பிறகு தனியாகப் புகழ்பெற்றார். 2014-இல் ஹேண்ட்ஸம் ஃபேமிலி பாட்டுகளை மட்டுமே வைத்து ஒரு முழு ஆல்பம் போட்டார். 2022 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஃபீபி பிரிட்ஜர்ஸ் இவர்களுடைய ‘ஸோ மச் வைன்’ பாட்டைப் பாடி வெளியிட்டார். பண்டிகை நாளில் குடித்துவிட்டு உடையும் ஒருவரைப் பற்றிய பாட்டு அது. இருபது ஆண்டு கழித்து வேறொரு தலைமுறைப் பாடகி எடுத்துப் பாடியபோதும் அதில் ஒரு வார்த்தைகூடப் பழசாகத் தெரியவில்லை.

சரி, இவர்களுக்கெல்லாம் அடித்தளம் எது? அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்து அப்பலேச்சியன் மலைப்பகுதி. டாக் பாக்ஸ் என்ற பாஞ்சோக்காரரை நீங்கள் கேட்டே ஆக வேண்டும் (பாஞ்சோ என்பது வட்டமான, தோல் போர்த்திய தந்தி வாத்தியம்). 1898-இல் பிறந்தவர், வர்ஜீனியாவின் நார்ட்டன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1927-இல் பிரன்ஸ்விக் நிறுவனத்துக்காக நியூயார்க் போய் எட்டுப் பாட்டுகள் பதிவு செய்தார். பாட்டை வைத்துச் சுரங்கத்திலிருந்து வெளியேறிவிடலாம் என்று நினைத்தார், நடக்கவில்லை. பாஞ்சோ பாவக் கருவி என்று வீட்டிலும் சபையிலும் எதிர்ப்பு. அதை அடகு வைத்துவிட்டுப் பல பத்தாண்டுகள் வாசிக்காமலே இருந்தார். 1963-இல் நாட்டுப்பாடல் கலைஞர் மைக் சீகர் தேடிப்போய்க் கண்டுபிடித்த பிறகுதான் மறுபடி பாடினார். சாவோடு ஒரு மனிதன் இன்னும் ஒரே ஒரு வருஷம் கொடு என்று மன்றாடும் ‘ஓ டெத்’ பாட்டை அவர் குரலில் கேளுங்கள். அதே பாட்டை 2000-இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தில் ரால்ஃப் ஸ்டான்லி எந்த வாத்தியமும் இல்லாமல் பாடி, எழுபது வயதுக்கு மேல் கிராமி விருது வாங்கினார். அந்தப் படத்துக்கும் இசைப் பொறுப்பு டி போன் பர்னெட்தான்.

பாக்ஸ் பாடிய ‘பிரெட்டி பாலி’ கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய பாட்டு. வில்லி என்பவன் பாலியை மலைக்குள் கூட்டிப்போகிறான். அங்கே புதிதாக வெட்டிய குழி, பக்கத்தில் மண்வெட்டி. நேற்றிரவு பெரும்பகுதி உனக்காகத்தான் குழி வெட்டிக்கொண்டிருந்தேன் என்கிறான். இது இங்கிலாந்திலிருந்து வந்த பாட்டு. அங்கே நீளமான கதை: பெண் கர்ப்பிணி, அவன் கப்பல் தச்சன், கொன்றுவிட்டுக் கப்பலேறித் தப்புகிறான், அவள் ஆவி கப்பலுக்கே வந்து பழி வாங்குகிறது. கடல் தாண்டி மலைக்கு வந்தபோது கர்ப்பமும் போய்விட்டது, ஆவியும் போய்விட்டது. குழியும் மண்வெட்டியும் மட்டும் மிஞ்சின. ஏன் கொன்றான் என்று பாட்டு சொல்வதே இல்லை. ஆவி இருந்த பாட்டைவிட ஆவி இல்லாத இந்தப் பாட்டுதான் அதிகமாகப் பயமுறுத்துகிறது. கோதிக் கண்ட்ரியின் மொத்த நுட்பமும் இந்த ஒரு பாட்டில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வாத்தியத்திலும் ஒரு காரணம் உண்டு. இந்த மாதிரிப் பாட்டுகளுக்கு மலைப்பகுதி பாஞ்சோக்காரர்கள் பெரும்பாலும் வைக்கும் சுருதியில், திறந்த தந்திகளில் ஜி, சி, டி சுரங்கள் மட்டும்தான் வரும். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் மூன்றாவது சுரம் அதில் இல்லை. அதனால் பாட்டு மகிழ்ச்சியாகவும் இல்லாமல் சோகமாகவும் இல்லாமல் நடுவில் தொங்கும். ஐந்தாவது குட்டைத் தந்தியோ தம்புராவைப் போல ஒரே சுரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். மலைப்பகுதிப் பாட்டுக்கு அந்த இறுக்கம் இதிலிருந்துதான் வருகிறது. பின்னால் வந்தவர்கள் எலக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு அதே இறுக்கத்தைத் தேடினார்கள்.

அடுத்த படி லூவின் பிரதர்ஸ். அண்ணன் தம்பி இருவரும் பாப்டிஸ்ட் சபையில் பாடி வளர்ந்தவர்கள். இழைத்து இழைத்துப் பாடும் இரட்டைக் குரலில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 1956-இல் ‘டிராஜிக் சாங்ஸ் ஆஃப் லைஃப்’ போட்டார்கள். அதில் ‘நாக்ஸ்வில் கேர்ள்’ இருக்கிறது. காதலியைக் கம்பால் அடித்துக் கொன்று ஆற்றில் தள்ளிவிட்டு வீட்டுக்கு வருகிறான். சட்டையில் ஏன் ரத்தம் என்று அம்மா கேட்கிறாள். மூக்கில் ரத்தம் வடிந்தது என்கிறான். தேன் மாதிரியான அந்தக் குரல்களில் இந்தப் பதில் வரும்போது கேட்கவே கூசும். இவர்களுடைய அடுத்த பிரபலமான ஆல்பம் 1959-இன் ‘சேட்டன் இஸ் ரியல்’. அதன் அட்டையை இன்றைக்குப் பலர் வேடிக்கைப் படமாகப் பகிர்கிறார்கள்: வெள்ளைக் கோட்டில் இரு சகோதரர்கள், பின்னால் பலகையில் செய்த பெரிய சாத்தான், சுற்றிலும் எரியும் டயர்கள். அவர்களுக்கு அது வேடிக்கை கிடையாது. அண்ணன் ஐரா குடியோடும் கோபத்தோடும் கடைசி வரை போராடியவர், 1965-இல் கார் விபத்தில் இறந்தார். நரகம் என்று அவர் பாடினால் அது அவருக்குத் தெரிந்த இடம்.

ஹாங்க் வில்லியம்ஸை எல்லாருக்கும் தெரியும், ஆனால் இருட்டான ஹாங்க்கைப் பலர் கேட்டதில்லை. 1953 ஜனவரி 1-ஆம் தேதி, கச்சேரிக்குப் போகும் வழியில் காரின் பின்சீட்டில் இறந்துகிடந்தார், வயது 29. இறந்த பிறகுதான் வெளிவந்தது ‘அலோன் அண்ட் ஃபர்ஸேக்கன்’. ஒரு கிடார், ஒரு குரல். முதலில் காதலி கைவிட்டாள் என்று ஆரம்பிக்கும் பாட்டு, கடைசியில் மனிதரும் விதியும் சேர்ந்தே கைவிட்ட இடத்தில் போய் முடிகிறது. 2002-இல் 16 ஹார்ஸ்பவர் குழு தங்கள் கடைசி ஸ்டூடியோ ஆல்பத்தில் இதைத் தேர்ந்தெடுத்துப் பாடியது. அந்தத் தேர்விலேயே கொடிவழி தெரிகிறது.

இந்தப் பழைய சரக்குக்கும் 1990-களுக்கும் நடுவே பாலம் போட்டவர்கள் கண்ட்ரி உலகத்தார் இல்லை, பங்க் உலகத்தார். லாஸ் ஏஞ்சலஸில் ஜெஃப்ரி லீ பியர்ஸ் தொடங்கிய தி கன் கிளப் 1981-இல் ‘ஃபயர் ஆஃப் லவ்’ போட்டது. தென்மாநில ப்ளூஸை எடுத்து பங்க் வேகத்தில் ஓட்டினார். மில்வாக்கியின் வயலன்ட் ஃபெம்ஸ் 1984-இல் ‘ஹாலோட் கிரவுண்ட்’ போட்டார்கள். ‘கண்ட்ரி டெத் சாங்’ அதில்தான் இருக்கிறது: வறுமையில் மனம் பேதலித்த ஒரு தகப்பன் தன் மகளைக் கிணற்றில் தள்ளுகிற கதை. அதை எழுதிப் பாடிய கார்டன் கேனோ ஒரு பாப்டிஸ்ட் போதகரின் மகன், விசுவாசமும் உள்ளவர். கல்லூரிப் பிள்ளைகளின் செல்லக் குழுவிடமிருந்து இப்படி ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை.

நிக் கேவ் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியர். அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பைபிள் வழியாகவும் எல்விஸ் வழியாகவும் கற்பனையில் கட்டி எழுப்பியவர். 1985-இன் ‘தி ஃபர்ஸ்ட்பார்ன் இஸ் டெட்’ ஆல்பத்தில் ‘டுபிலோ’ பாட்டு, எல்விஸ் பிறந்த இரவையும் கூடவே இறந்து பிறந்த இரட்டைச் சகோதரனையும் வேதாகமப் பெருவெள்ளம் மாதிரிப் பாடுகிறது. 1996-இன் ‘மர்டர் பாலட்ஸ்’ உலகம் முழுக்க விற்றது. எனக்கு அதைவிட 80-களின் கேவ்தான் பெரியவர். ‘மர்டர் பாலட்ஸ்’ ஆல்பத்தில் பிணங்களின் எண்ணிக்கை கூடக் கூடக் கனம் குறைகிறது. ‘பிரெட்டி பாலி’யில் ஒரே ஒரு பிணம்தான், அது தூங்கவிடாது.

இப்போது டென்வருக்கு வருவோம். இந்தப் பதிலில் மற்ற எதையும் விட்டுவிட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்.

டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ் கொலராடோவில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா நாசரேன் சபையின் போதகர். 80-களின் இறுதியில் டென்வர் ஜென்டில்மென் என்ற சிறு குழுவில் எட்வர்ட்ஸ், ஜெஃப்ரி பால் நார்லாண்டர், ஸ்லிம் செஸ்னா மூவரும் ஒன்றாக இருந்தார்கள். பின்னால் ‘டென்வர் சவுண்ட்’ என்று பெயர் பெற்ற எல்லாமே ஏறக்குறைய இந்த மூவரிடமிருந்து கிளைத்ததுதான். 1992-இல் எட்வர்ட்ஸ், பாஸ்கல் உம்பேர், ஜான் ஈவ் தோலா என்ற இரு பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து 16 ஹார்ஸ்பவரைத் தொடங்கினார். மனைவியின் சவப்பெட்டியைப் பதினாறு குதிரைகள் கல்லறைக்கு இழுத்துப்போகும் ஒரு பழைய பாட்டிலிருந்துதான் அந்தப் பதினாறு வந்தது.

1996-இல் ‘சாக்குளாத் அண்ட் ஆஷஸ்’ வந்தது. பெயருக்குப் பொருள் ‘இரட்டும் சாம்பலும்’: வேதாகமத்தில் துக்கத்துக்கும் மனந்திரும்புதலுக்கும் அடையாளமான முரட்டுத் துணியும் சாம்பலும். மேலே சொன்ன கார்டன் கேனோ அதில் ஃபிடில் வாசித்திருக்கிறார். ‘அமெரிக்கன் வீஸ்’ பாட்டைப் போடுங்கள். முதலில் கேட்பது ஒரு பழைய துருத்திப் பெட்டி, அக்கார்டியனின் உறவுக்கார வாத்தியம். அது மூச்சிரைக்கிறது. துருத்தி விரியும் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருப்பதால், ஆஸ்துமா உள்ள ஒரு கிழவர் அறைக்குள் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அப்புறம் எட்வர்ட்ஸின் குரல். மெதுவாக ஏறி, உடையும் இடம் வரை போய், உடையாமல் நிற்கும். அடுத்து ‘பிளாக் சோல் கொயர்’: வேகமான பாஞ்சோ, மனிதர் எல்லாரும் பொல்லாதவர், எல்லாரும் பொய்யர் என்ற குற்றச்சாட்டு. இந்தப் பாட்டில் கவனிக்க வேண்டியது, பாடுகிறவர் தன்னை அந்த ‘எல்லாரிலும்’ சேர்த்துக்கொள்கிறார். நிக் கேவ் பாவியின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு பாடுவார், அற்புதமாகவே பாடுவார். எட்வர்ட்ஸ் பாடும்போது அங்கே வேஷம் இல்லை. நியாயத்தீர்ப்பு நாளில் தன் பெயரும் கூப்பிடப்படும் என்று நிஜமாகவே நம்புகிற ஆள் பாடுகிறார். கேட்பவருக்கு மதம் இருக்கலாம், இல்லாமல் போகலாம். அந்தப் பயம் நிஜம் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் வராது. மேடையில் பல ஆண்டுகள் அவர் உட்கார்ந்துதான் பாடினார். கண் மூடி, முன்னும் பின்னும் ஆடி, அறையில் வேறு யாரோ இருப்பது போல அந்த ஆளிடம் பேசுவார்.

1997-இன் ‘லோ எஸ்டேட்’ ஆல்பத்தை ஜான் பாரிஷ் தயாரித்தார். 2000-இல் ‘சீக்ரெட் சவுத்’, 2002-இல் ‘ஃபோக்லோர்’. மேடையில் தி கன் கிளப்பின் ‘ஃபயர் ஸ்பிரிட்’, ஜாய் டிவிஷனின் ‘டே ஆஃப் தி லார்ட்ஸ்’ இரண்டையும் பாடினார்கள். ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தில் பழைய கண்ட்ரி குழுவான கார்ட்டர் ஃபேமிலியின் பாட்டுக்குப் பக்கத்தில் ஹங்கேரிய நாட்டுப்பாடல் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கிடைத்ததைவிட ஐரோப்பாவில், முக்கியமாக நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்ஸ் பக்கம், இவர்களுக்குப் பெரிய வரவேற்பு. 2005-இல் குழு கலைந்தது.

அதற்கு முன்பே எட்வர்ட்ஸ் ‘வோவன்ஹேண்ட்’ என்ற பெயரில் தனி வழி தொடங்கியிருந்தார். 2004-இன் ‘கன்சிடர் தி பேர்ட்ஸ்’, 2006-இன் ‘மொசெய்க்’ இரண்டும் அதன் உச்சம் என்பேன். போகப்போக பாஞ்சோ குறைந்து எலக்ட்ரிக் கிடாரின் முழக்கம் கூடியது. 2014-இல் ‘ரிஃப்ராக்டரி ஆப்டியூரேட்’ வந்தபோது அமெரிக்காவில் அதை வெளியிட்டது டெத்விஷ் என்ற ஹார்ட்கோர் (பங்கின் இன்னும் முரட்டு வடிவம்) இசை நிறுவனம். அதற்கு முன்பே, 2011-இல், டெவில்டிரைவர் என்ற மெட்டல் குழு ‘பிளாக் சோல் கொயர்’ பாட்டைத் தங்கள் ஆல்பத்தில் பாடியிருந்தது. கண்ட்ரி வானொலி ஒருநாளும் இவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. மெட்டல் கேட்கிறவர்கள் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்கள். நிக் கேவ் வட்டத்திலிருந்து வந்த ஆஸ்திரேலியக் குழுவான கிரைம் அண்ட் தி சிட்டி சொல்யூஷனின் 2013 ஆல்பத்தில் எட்வர்ட்ஸும் ஒரு உறுப்பினர். யார் வழியாக இந்த இசை தனக்கு வந்ததோ அவர்கள் பக்கத்திலேயே போய் நின்று வாசித்தார்.

பழைய டென்வர் ஜென்டில்மென்னின் இன்னொரு கிளை ஸ்லிம் செஸ்னாஸ் ஆட்டோ கிளப். இதுவும் 1992-இல் தொடங்கியதுதான். எட்வர்ட்ஸிடம் பயம் என்றால் இவர்களிடம் ஆரவாரம். நெட்டையான ஸ்லிம் கௌபாய் தொப்பியோடு ஒரு பக்கம், ஒல்லியான மன்லி மறுபக்கம், இருவரும் முகத்துக்கு முகம் நின்று எழுப்புதல் கூட்டப் பிரசங்கம் மாதிரிப் பாடுவார்கள். டெட் கென்னடிஸ் பங்க் குழுவின் ஜெல்லோ பியாஃப்ரா தன்னுடைய ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ் நிறுவனத்தில் இவர்களைச் சேர்த்துக்கொண்டார். உலகம் முடியும் இடத்தில் இருக்கும் மதுக்கடையில் வாசிக்கும் கண்ட்ரி குழு என்று அவர் இவர்களைச் சொன்னது பிரபலம். 2000-இன் ‘ஆல்வேஸ் சே ப்ளீஸ் அண்ட் தேங்க் யூ’, 2008-இன் ‘சைஃபர்’ கேளுங்கள். மன்லி தனியாகப் போட்ட ‘மன்லி அண்ட் தி லீ லூயிஸ் ஹார்லட்ஸ்’ (2004) இன்னும் விசித்திரம்: தந்தி வாத்தியங்கள் சூழ, நீண்ட நீண்ட குடும்பக் கதைகள். முதல் தடவை கேட்டால் பிடிக்காமல் போகலாம். இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இடையில் ஜானி கேஷ். 1994-இல் தயாரிப்பாளர் ரிக் ரூபினோடு சேர்ந்து வெறும் கிடாரை வைத்து ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ போட்டார். அதன் முதல் பாட்டு ‘டீலியாஸ் கான்’. காதலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டவன் சிறையிலிருந்து பாடுவது. கண்ட்ரி உலகம் மறந்துகொண்டிருந்த கேஷ் அந்த ஒரே ஆல்பத்தில் மறுபடி இளைஞர்களிடம் வந்து சேர்ந்தார். 2000-இல் நிக் கேவின் ‘தி மெர்சி சீட்’ பாட்டையும் பாடினார்: மின்சார நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனின் வாக்குமூலம். இரண்டு பக்கமும் கொடுத்து வாங்கிக்கொண்டன.

ஆனால் டீலியா கற்பனைப் பெண் இல்லை. டீலியா கிரீன், ஜார்ஜியாவின் சவானா நகரத்துக் கறுப்பினச் சிறுமி, 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் சுடப்பட்டவள். வயது பதினான்கு. சுட்டவனும் ஏறத்தாழ அதே வயதுப் பையன். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகப் பாடகர்கள் அவளைப் பாடிவருகிறார்கள். பெரும்பாலான பாட்டுகளில் பேசுவது கொன்றவன், அவளுக்குக் குரல் இல்லை. இந்த வகை இசையை நான் எவ்வளவு நேசித்தாலும் இந்த இடத்தில் மனம் உறுத்தாமல் இருந்ததில்லை. ‘பிரெட்டி பாலி’, ‘நாக்ஸ்வில் கேர்ள்’, ‘டீலியாஸ் கான்’ மூன்றிலும் பெண் சாவதற்காக மட்டும் வருகிறாள்.

அதனால்தான் பெண்கள் இந்த வடிவத்தை எடுத்து என்ன செய்தார்கள் என்பது எனக்கு முக்கியம். 1967-இல் மிஸிஸிப்பியின் பாபி ஜென்ட்ரி ‘ஓட் டு பில்லி ஜோ’ பாடினார். ஒரு பையன் டாலஹாச்சி பாலத்திலிருந்து குதித்துச் செத்துவிட்டான். அந்தச் செய்தி ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேசப்படுகிறது. பிஸ்கட்டை இப்படி நகர்த்து என்கிறார் அப்பா. ஏன் நீ சாப்பிடவே இல்லை என்று மகளிடம் கேட்கிறாள் அம்மா. பில்லி ஜோவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன உறவு, பாலத்திலிருந்து இருவரும் சேர்ந்து என்ன எறிந்தார்கள் என்று பாட்டு கடைசி வரை சொல்வதில்லை. அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போன பாட்டு இது. கோதிக் கண்ட்ரி என்ற பெயர் புழக்கத்துக்கு வருவதற்கு வெகு முன்பே அதன் சிறந்த பாட்டுகளில் ஒன்று வந்துவிட்டது.

1998-இல் கில்லியன் வெல்ச் ‘கேலப் மேயர்’ பாட்டில் கொலைப் பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார். மலையில் தனியாக இருக்கும் நெல்லி கேன் என்ற பெண்ணின் வீட்டுக்கு, கணவன் இல்லாத நேரம் பார்த்து ஒருவன் வருகிறான். தாக்குகிறான். அவள் கைக்கு ஒரு உடைந்த பாட்டில் கிடைக்கிறது. இந்தத் தடவை சாவது அவன். பாடுவது அவள். டேவிட் ராலிங்ஸின் கிடார் பக்கத்திலேயே பதறிக்கொண்டு ஓடுகிறது. மெட்டில் எல்லாம் பழைய மலைப்பாட்டுதான், பேசுகிற ஆள் மட்டும்தான் மாறியிருக்கிறார். நீக்கோ கேஸின் ‘டீப் ரெட் பெல்ஸ்’ (2002) இன்னொன்று. வாஷிங்டன் மாநிலத்தில் அவர் சிறுமியாக இருந்த காலத்தில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த கிரீன் ரிவர் கொலைகாரனின் நிழலில் எழுந்த பாட்டு. அதில் கொலைகாரனுக்குப் பெயரோ கவர்ச்சியோ இல்லை. செத்துப்போன பெண்களை நினைத்துக்கொண்டே பாடுகிறார்.

இன்னும் சில பெயர்கள். புளோரிடாவின் பென்சகோலாவில் வளர்ந்த ஜிம் வைட் 1997-இல் டேவிட் பர்னின் லுவாகா பாப் நிறுவனத்தில் முதல் ஆல்பம் போட்டார். அந்த ஆல்பத்தைக் கேட்டு உந்தப்பட்டு ஆண்ட்ரூ டக்ளஸ் 2003-இல் ‘சர்ச்சிங் ஃபார் தி ராங்-ஐட் ஜீசஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்தார். பழைய கார் ஒன்றின் டிக்கியில் இயேசு சிலையை வைத்துக்கொண்டு ஜிம் வைட் தென்மாநிலங்களில் அலைகிறார். வழியில் ஹேண்ட்ஸம் ஃபேமிலி, எட்வர்ட்ஸ், ஜானி டவுட் எல்லாரும் வந்து பாடுகிறார்கள். இந்த இசை எப்படிப்பட்ட மண்ணை மனதில் வைத்துப் பாடுகிறது என்று பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: படத்தில் பாடுகிறவர்களில் சிலர் அந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் இல்லை. எட்வர்ட்ஸ் கொலராடோ, ரெனி நியூயார்க். ஜானி டவுட் தெற்கில் வளர்ந்தவர்தான் என்றாலும், நியூயார்க் மாநிலத்து இதாகாவில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் தொழில் செய்துகொண்டே ஐம்பதை நெருங்கும்போது முதல் ஆல்பம் போட்டவர். தென்மாநிலம் என்பது எட்வர்ட்ஸுக்கும் ரெனிக்கும் பழைய இசைத்தட்டுகள் வழியாகவும் பைபிள் வழியாகவும் வந்து சேர்ந்த ஊர்.

விஸ்கான்சினின் தோஸ் புவர் பாஸ்டர்ட்ஸ் குழுவில் லோன்ஸம் வயாட் கரகரத்த குரலில் ஊளையிடுவார். ‘ஹெல்ஃபயர் ஹிம்ஸ்’ (2007) அவர்களுடைய அடையாளம். ஹாங்க் வில்லியம்ஸின் பேரன் ஹாங்க் III இவர்களுடைய ‘பில்ஸ் ஐ டுக்’ பாட்டை 2006-இல் பாடினார். வேஷம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எனக்கு அளவோடுதான் பிடிக்கும். அமிகோ தி டெவில் தொடர் கொலைகாரர்களைப் பாடி ரசிகர்களைச் சேர்த்தவர். ஆனால் 2018-இன் ‘எவ்ரிதிங் இஸ் ஃபைன்’ ஆல்பத்தில் தன் சொந்தத் துக்கத்தைப் பாடும் இடங்கள்தான் அவருடைய நிஜமான பலம். கண்ட்ரி என்ற வட்டத்துக்கு வெளியே போனால் ஈத்தல் கெய்ன். புளோரிடாவில் சதர்ன் பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்தவர். 2022-இன் ‘ப்ரீச்சர்ஸ் டாட்டர்’ ஆல்பத்தில், வீட்டை விட்டு ஓடிப்போய்க் கொல்லப்படும் ஒரு போதகர் மகளின் கதையை அந்த மகளின் குரலிலேயே பாடுகிறார். பாலிக்கும் டீலியாவுக்கும் கிடைக்காத குரல், முழு ஆல்பம் நீளத்துக்கு.

எதிலிருந்து தொடங்கலாம்? நீங்கள் ‘ஃபார் ஃப்ரம் எனி ரோடு’ வழியாக வந்தவர் என்பதால் முதலில் ‘த்ரூ தி ட்ரீஸ்’. அடுத்து ‘சாக்குளாத் அண்ட் ஆஷஸ்’, முதல் பாட்டிலிருந்து கடைசி வரை இடைவெளி விடாமல். அதன் பிறகு டாக் பாக்ஸின் 1927 பதிவுகள். பழைய தட்டின் இரைச்சல் முதலில் தொந்தரவாக இருக்கும், இரண்டாவது பாட்டுக்குள் காது பழகிவிடும். வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேளுங்கள், ரெனி எழுதியவற்றுக்கு அது கட்டாயம். இந்த இரண்டு முக்கியப் பெயர்களும் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. 2023-இல் ஹேண்ட்ஸம் ஃபேமிலியின் ‘ஹாலோ’ வந்தது, அதே ஆண்டு எட்வர்ட்ஸ் முதல் முறையாகத் தன் பெயரில் மட்டும் ‘ஹயசின்த்’ போட்டார். பழையதைக் கேட்டு முடித்துவிட்டு அந்த இரண்டுக்கும் வாருங்கள்.